பிரெஞ்சு வைனும் எங்க ஊர் மலைப்பழமும்

பிரான்சுல படிக்கிறேன்னு சொன்னதும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான். படிப்பைப் பத்தி இல்ல, குளிரைப் பத்தி இல்ல. "அங்க ரெட் வைன் சூப்பரா இருக்குமாமே, நெசமாவா?" காலேஜ்ல கூடப் படிச்ச பசங்க கேக்குறாங்க. ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்தவ கேக்குறா. லீவுக்கு ஊருக்குப் போனப்ப ஒரு கல்யாண வீட்டுல எங்க ஒன்றுவிட்ட பெரியப்பா கேட்டாரு, அதுவும் அம்மா பக்கத்துல நிக்கும்போது! அதனால ஒரேயடியா இங்க எழுதிடுறேன். அம்மா இதெல்லாம் படிக்க மாட்டாங்கங்கிற தைரியம்தான்.

புதுசா வர்றவங்களுக்கு: எனக்கு ஊர் தாண்டிக்குடி பக்கம். கொடைக்கானல்னு சொன்னா எல்லாருக்கும் ஏரியும் சைக்கிளும் ஞாபகம் வரும். நாங்க அதுக்கும் கீழ, கீழ்ப்பழனி மலை. நாலாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேல. காபி, மிளகு, ஏலக்காய், ஆரஞ்சு, அதுக்கு நடுவுல மலை வாழை. வாரத்துக்கு ஒரு தடவை யானை, எப்பவாவது காட்டு மாடு. இப்ப மொன்பெலியேங்கிற தெற்கு பிரான்சு ஊர்ல செடிகளுக்கு வர்ற நோய்களைப் பத்திப் படிச்சிட்டு இருக்கேன். அந்த ஊரைச் சுத்தி எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் திராட்சைத் தோட்டம்தான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க வகுப்புல நாலு பேர் சேர்ந்து ஒரு நாள் சாயங்காலம் ஒரு போட்டி வச்சோம். நாலு பாட்டில். ஒவ்வொண்ணையும் பழைய பேப்பர்ல சுத்தி, நம்பர் போட்டு, எது எந்த ஊர்னு தெரியாம குடிச்சுப் பார்த்து மார்க் போடணும். ஒரு பாட்டில் இந்த ஊர்க்காரங்களது, பிக் சான் லூப்புங்கிற மலையடிவாரத்து வைன். (அந்த மலையோட உயரமே 658 மீட்டர்தான். நம்ம ஊர்ல அதைக் கரடுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.) ரெண்டாவது ஆஸ்திரேலியா, பரோசா பள்ளத்தாக்கு. மூணாவது சிலி நாட்டுது, அந்த நாட்டுப் பையன் கொண்டுவந்தான். நாலாவது நாசிக். புனேலேர்ந்து வந்த ஒருத்தன் பெட்டியில துணிக்கு நடுவுல வச்சுக் கொண்டாந்தது.

முதல் நம்பர் வாயில பட்டதும் புளிப்பு. அப்புறம் நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் ஒரு பிடிப்பு. கூட இருந்த பிரெஞ்சுக்காரப் பொண்ணு அதை எனக்கு இங்கிலீஷ்ல விளக்க ரொம்ப நேரம் பாடுபட்டா. கசப்பு இல்ல, புளிப்பு இல்ல, வாயை வறள வைக்கிற மாதிரி ஒண்ணு, திராட்சைத் தோல்லயும் விதையிலயும் இருக்கிற டானின்னால வர்றதுன்னு. நான் சொன்னேன், "எங்க ஊர்ல அதுக்கு ஒரே வார்த்தை இருக்கு. துவர்ப்பு." நமக்கு அறுசுவையில அது ஒரு தனிச் சுவை. நாவல்பழம் தின்ன நாக்கும் வாழைப்பூ நறுக்கின கையும் உள்ளவங்களுக்கு ரெட் வைன்ல பாதி பாடம் ஏற்கெனவே தெரியும். வீட்டுல சொல்லிக்கொடுக்காமலேயே சொல்லிக்கொடுத்துட்டாங்க.

அதுக்கு அப்புறம்தான் எனக்கு அதிர்ச்சி. முதல் டம்ளர்ல மிளகு வாசனை! பொடிச்ச மிளகு இல்ல, எங்க வீட்டுக் களத்துல காயப் போட்ட மிளகை வெயில்ல மிதிக்கும்போது வருமே, அது. சும்மா கற்பனைன்னு நெனச்சுக்கிட்டு அடுத்த நாள் தேடிப் பார்த்தேன். கற்பனையே இல்ல. ரொட்டண்டோன்னு ஒரு பொருள். சிரா வகைத் திராட்சையில மிளகு வாசனை தர்றது அதுதான்னு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008ல கண்டுபிடிச்சிருக்காங்க. நம்ம கறுப்பு மிளகோட வாசனைக்கும் அதே பொருள்தான் முக்கியக் காரணமாம். குளிர்ச்சியான இடத்துல விளையுற சிராவுல அது கூடுதல், சூடான இடத்துல குறைவு. இன்னொரு வேடிக்கை, அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாதாம். சிலி நாட்டுப் பையன் அந்த அஞ்சாவது ஆளு போல. "என்ன மிளகு? எங்க மிளகு?"ன்னு கடைசி வரைக்கும் சண்டை போட்டான்.

ரெண்டாம் நம்பர் நேர் எதிர். நல்லா பழுத்த நாவல்பழத்துல ஜாம் பண்ணின மாதிரி. சர்க்கரை இல்ல, ஆனா இனிக்கிற மாதிரி ஒரு பிரமை. தொண்டையில லேசா எரிச்சல். மூணாவதுல பச்சைக் குடைமிளகாயை நறுக்கின வாசனை. நாலாவதுல பழம் முன்னாடி நின்னுச்சு, பின்னாடி கொஞ்சம் புகை, கொஞ்சம் காரம். பேப்பரைப் பிரிச்சா ரெண்டு ஆஸ்திரேலியா, மூணு சிலி, நாலு நாசிக். மார்க் என்ன தெரியுமா? நாலு பேருக்கும் நாலு வேற வேற முதலிடம். பிரெஞ்சுக்காரி நாசிக் பாட்டிலை ரெண்டாவது இடத்துல வச்சிருந்தா. புனேக்காரன் அன்னைக்கு ராத்திரி முழுக்க அவளை விடல.

இதுல ஒண்ணு கவனிச்சீங்களா? முதல், ரெண்டு, நாலு மூணுமே பெரும்பாலும் ஒரே வகைத் திராட்சை. பிரான்சுல சிரான்னு சொல்றதைத்தான் ஆஸ்திரேலியாவுலயும் நாசிக்லயும் ஷிராஸ்ங்கிறாங்க. ஜேம்ஸ் பஸ்பின்னு ஒருத்தர் 1831ல பிரான்சு, ஸ்பெயின் எல்லாம் சுத்தி, இதே மொன்பெலியே தாவரவியல் தோட்டத்துலேர்ந்து நூத்துக்கணக்கான வகைத் திராட்சைக் குச்சிகளை வாங்கி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினாரு. ஒரே குடும்பம், வேற வேற ஊருக்கு வாழ்க்கைப்பட்ட மாதிரி. வெயில் ஏற ஏற பழத்துல சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அந்தச் சர்க்கரைதான் ஆல்கஹாலா மாறுது. அதனால சூடான ஊரு வைன் கனமா, பழமா, கொஞ்சம் எரிச்சலா இருக்கும். ராத்திரி குளிர்ற ஊரு வைன் புளிப்பும் வாசனையுமா இருக்கும். அவ்வளவுதான் ரகசியம்.

அப்ப "பிரெஞ்சு வைன்தான் உசத்தி"ங்கிறது என்ன? இதை 1976லயே ஒருத்தர் சோதிச்சுப் பார்த்துட்டாரு. ஸ்டீவன் ஸ்பரியர்னு பாரிசுல வைன் கடை வச்சிருந்த ஆங்கிலேயர். மே 24ஆம் தேதி, பிரெஞ்சு நடுவர்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, பிரான்சோட பெரிய பெரிய பேர்களையும் கலிபோர்னியா வைன்களையும் லேபிள் தெரியாம ஊத்திக் கொடுத்தாரு. ரெட்ல முதலிடம் ஸ்டாக்ஸ் லீப்ங்கிற கலிபோர்னியா வைன். ஒயிட்லயும் கலிபோர்னியாதான். சரித்திரப் புகழ் பெற்ற முத்தோன் ரோத்ஷீல்ட் ரெண்டாவது இடம். வந்திருந்த பத்திரிகைக்காரர் ஒரே ஒருத்தர், டைம் பத்திரிகையோட ஜார்ஜ் டேபர். அவர் எழுதாம விட்டிருந்தா அந்தச் செய்தி அந்த அறையிலயே செத்திருக்கும்.

இன்னும் மோசமான ஒண்ணு இருக்கு. போர்தோ பல்கலைக்கழகத்துல வைன் படிக்கிற 54 மாணவர்களுக்கு, ஒயிட் வைன்ல வாசனை இல்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தாங்க. அவங்க எல்லாரும் ரெட் வைனுக்குச் சொல்ற வார்த்தைகளா எழுதித் தள்ளிட்டாங்க. 2001ல வெளிவந்த ஆய்வு. கண்ணு சொல்றதைத்தான் மூக்கு கேக்குதாம்.

இதைப் படிச்சதும் "எல்லாம் டுபாக்கூர், லேபிளுக்குத்தான் காசு"ன்னு முடிச்சிடலாம். நெறைய பேர் அப்படித்தான் முடிக்கிறாங்க. எனக்கு அப்படித் தோணல. ஏன்னா அந்த மிளகு வாசனை லேபிள்ல இல்ல. பேப்பர் சுத்தின பாட்டில்ல இருந்தது. ஊருக்கு ஊர் ருசி மாறுறது நெசம். எந்த ஊர் உசத்திங்கிறதுதான் கதை. இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதுலதான் எல்லாச் சண்டையும்.

இங்க ஆர்சோன்னு ஒரு சந்தை இருக்கு. பழைய கல் பாலத்துக்கு அடியில கூடும். அந்தக் காலத்துல ஊருக்குத் தண்ணி கொண்டுவந்த பாலம் அது. செப்டம்பர்ல அங்க ஒரு கடையில கறுப்புத் திராட்சை வாங்கி ஒண்ணை வாயில போட்டேன். கம்பம்! அதே பன்னீர் வாசனை, அதே விதை, அதே தோல். சத்தியமா வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு கண்ணு முன்னாடி வந்துச்சு. கடைக்கார அம்மாவைக் கேட்டா "மஸ்கா து வோந்தூ"ன்னாங்க. வோந்தூ மலையடிவாரத்துல விளையுற மஸ்கட் ஹாம்பர்க் வகை. நம்ம பன்னீர் திராட்சையும் அதே மஸ்கட் ஹாம்பர்க்தான். 19ஆம் நூற்றாண்டுல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்னு சொல்றாங்க. அவங்க திராட்சைக்கு 1997ல ஊர்ப்பெயர்ச் சட்டப் பாதுகாப்பு கிடைச்சது. நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஒரே பழம், ரெண்டு மலையடிவாரம், ரெண்டு பத்திரம். அவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு அறுவடை, கொடி பனிக்காலம் பூரா தூங்கும். நம்ம பள்ளத்தாக்குல கொடிக்குத் தூக்கமே கிடையாது, வருஷம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்துல அறுப்பு நடக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா அவங்களது கொஞ்சம் கூடுதல் இனிப்பு. நம்மளது விலை பல மடங்கு கம்மி. நான் நம்ம பக்கம்தான், நடுநிலைமை எல்லாம் எதிர்பார்க்காதீங்க.

இப்ப நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம். வைன்ல ஆரம்பிச்சு வாழைக்கு வர்றேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

மொன்பெலியே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பூங்கா. அங்க ஒரு தாடிக்காரர் சிலை. கீழ ஒரு விவசாயி நின்னு அவருக்குத் திராட்சைக்குலையை நீட்டுற மாதிரி இருக்கும். அவர் பேர் பிளான்ஷோன், இந்த ஊர் தாவரவியல் பேராசிரியர். 1860கள்ல தெற்கு பிரான்சுல திராட்சைக் கொடிகள் காரணமே தெரியாம காய ஆரம்பிச்சது. மண்ணுல கோளாறு, மழையில கோளாறு, கடவுள் கோபம்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. 1868 ஜூலையில பிளான்ஷோனும் இன்னும் ரெண்டு பேரும் வேரைத் தோண்டிப் பார்த்தாங்க. செத்த கொடி வேர்ல ஒண்ணுமே இல்ல. பக்கத்துல பச்சையா நின்ன கொடியோட வேர்ல மஞ்சள் மஞ்சளா பொடிப் பூச்சி. அசுவினிக்குச் சொந்தக்காரப் பூச்சி. அமெரிக்காவுலேர்ந்து கொண்டுவந்த கொடிகளோட வந்தது. கொடி செத்ததும் அடுத்த கொடிக்குப் போயிடும், அதனாலதான் அதுவரைக்கும் யார் கண்ணுலயும் படல.

அந்த நோய் பிரான்சோட திராட்சைத் தோட்டங்கள்ல பெரும்பகுதியை அழிச்சது. கடைசியில மருந்து எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அதே அமெரிக்காவுலேர்ந்து. அமெரிக்கக் கொடியோட வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும். அந்த வேர்மேல பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினாங்க. "அமெரிக்க வேர்ல பிரெஞ்சு வைனா? ருசி போயிடும்"னு பெரிய சண்டை. இன்னைக்கு நீங்க குடிக்கிற பிரெஞ்சு வைன் கிட்டத்தட்ட எல்லாமே அமெரிக்க வேர்ல நிக்குறதுதான். ஆனா தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு அந்தப் பூச்சி போகவே இல்ல, அங்க பரோசாவுல 1840கள்ல நட்ட கொடிகள் சொந்த வேர்லயே இன்னமும் நிக்குது. சிலிக்கும் போகல. கார்மனேர்ங்கிற போர்தோ வகை பிரான்சுல அழிஞ்சே போச்சுன்னு நெனச்சிருந்தாங்க. 1994ல மொன்பெலியேக்காரர் ஒருத்தர், ழான் மிஷெல் பூர்சிக்கோ, சிலிக்குப் போனப்ப அங்க மெர்லோன்னு சொல்லி வளர்த்துட்டு இருந்ததுல நெறைய கார்மனேர்தான்னு கண்டுபிடிச்சாரு. எங்க மூணாம் நம்பர் டம்ளர்ல குடைமிளகாய் வாசனை அடிச்சதே, அதுதான் அது. ஊரைவிட்டு ஓடிப்போன பிள்ளைதான் கடைசியில வம்சத்தைக் காப்பாத்தியிருக்கு.

வகுப்புல இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் நோட்ஸ் எடுத்தாங்க. எனக்கு மட்டும் கை ஓடல. ஏன்னா இந்தக் கதையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன். எங்க தாத்தா திண்ணையில உக்காந்து சொன்னது.

எங்க பக்கம் மலை வாழைன்னா ரெண்டு. விருப்பாச்சி, சிறுமலை. விருப்பாச்சிங்கிறது ஒட்டன்சத்திரம் பக்கத்துல ஒரு ஊரு. கோபால் நாயக்கர் வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ன அதே விருப்பாச்சி. பழம் சின்னது, தோல் தடிமன், லேசா வளைஞ்சிருக்கும். உள்ள ஈரப்பதம் கம்மி. அதனாலதான் பழனி பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழம். ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்காம வாழைப்பழம், வெல்லச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய்னு பிசையுறது கெடாம இருக்கணும்னா பழத்துலயே தண்ணி கம்மியா இருக்கணும். கீழ சமவெளியில நட்டா அதே செடி வளரும், தார் போடும், ஆனா அந்த வாசனை வராது. ரெண்டாயிரம் அடிக்கு மேல, காபிக்கு நிழலா, மழைத் தண்ணியில மட்டும், மெதுவா முத்தணும். தாத்தா காலத்துல ஒரு தடவை நட்டா பக்கக்கன்னு வந்து வந்து அது பாட்டுக்கு வருஷக்கணக்கா நிக்குமாம்.

1970கள் வரைக்கும் பதினெட்டாயிரம் ஹெக்டேர் இருந்ததா சொல்றாங்க. அப்புறம் முடிக்கொத்து நோய் வந்துச்சு. இலை எல்லாம் விரியாம, குட்டையா, உச்சியில கொத்தா செங்குத்தா நிக்கும். தார் வராது. வந்தாலும் கைப்பிடி அளவு. வைரஸ் நோய். பரப்புறது வாழை அசுவினி, இங்கயும் அதே சாதிப் பூச்சிதான் பாருங்க! பதினெட்டாயிரம் ரெண்டாயிரமா சுருங்கிடுச்சு.

தாத்தா சொன்னதுல எனக்கு மறக்காத ஒண்ணு. "கன்னு கேட்டு வந்தவனுக்கு இல்லேன்னு சொல்ற வழக்கம் நம்மகிட்ட கிடையாது தாயி. நல்லா காய்ச்ச மரத்துக் கன்னாப் பார்த்துத்தான் கொடுப்போம். அதுக்குள்ள நோய் இருந்தது யாருக்குத் தெரியும்?" அந்த வைரஸ் பக்கக்கன்னுக்குள்ளயே ஒளிஞ்சு போகும். அசுவினி பக்கத்துத் தோட்டம் வரைக்கும்தான் கொண்டுபோகும். மலை விட்டு மலை கொண்டுபோனது மனுஷங்கதான், அதுவும் அன்பாக் கொடுத்தது. அமெரிக்கக் கொடியை ஆசையா வாங்கி நட்ட பிரெஞ்சுக்காரன் மாதிரியே.

இதுக்கும் மருந்து ஆராய்ச்சிக் கூடத்துலேர்ந்துதான் வந்துச்சு. செடியோட நுனிக் குருத்தை எடுத்து, திசு வளர்ப்புல வளர்த்து, வைரஸ் இல்லைன்னு சோதிச்ச கன்னுகளைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குக் கொடுத்துச்சு. எங்க மலையிலயே, தடியன்குடிசையில, அவங்களுக்கு ஒரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. விருப்பாச்சிக்கும் சிறுமலைக்கும் 2008-09லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. பஞ்சாமிர்தத்துக்கு 2019ல. "பாட்டில்ல வளர்ந்த கன்னுல பழைய ருசி வருமா?"ன்னு எங்க ஊர்லயும் சண்டை. பிரான்சுல நடந்த அதே சண்டை! திசு வளர்ப்புக் கன்னுங்கிறது வேற வாழை இல்ல, அதே தாயோட அச்சு. ருசி வர்றது உசரத்துல, நிழல்ல, பொறுமையில. எங்க அப்பா ஒரு மூலையில நட்டுப் பார்த்தாரு. முதல் தார் பழுத்ததும் தாத்தாகிட்ட ஒண்ணும் சொல்லாம ஒரு பழம் கொடுத்தோம். தின்னுட்டு "யார் வீட்டுப் பழம்?"னு கேட்டாரு. "நம்மளதுதான்"னதும் இன்னொண்ணு கேட்டாரு. எங்களுக்கு அதுவே பாரிஸ் போட்டி.

அப்ப கதை சுபம்தானே? இல்ல. எங்க அப்பாவும் சித்தப்பாவும் ஒரு வருஷமா பேசிக்கிற விஷயமே இதுதான். கீழ்க்காட்டுல ஒரு ஏக்கர் மறுபடி வாழை வைக்கிறதா, இல்ல காட்டேஜ் கட்டக் கேக்குறவங்களுக்குக் கொடுத்துடுறதா. சித்தப்பா கணக்கு எளிது. "ரெண்டு ரூம் கட்டினா சனி ஞாயிறு வாடகையே போதும்ண்ணே. வாழையை யானைக்கு வைக்கிறதா, வைரஸுக்கு வைக்கிறதா?" அவரு சொல்றதுல தப்பு இல்ல. அவருக்கு ரெண்டு பொண்ணு, ஒருத்திக்குக் கல்லூரிப் பீஸ் கட்டணும்.

அப்பாவோட தயக்கம் வேற. எங்க காட்டுக்கு மேல இருக்கிற தோட்டம் வித்தாச்சு. வாங்கினவர் வெளியூர். வேலி போட்டுட்டுப் போனவர் வரல. உள்ள பழைய வாழை நோயோட கொத்துக் கொத்தா நிக்குது. நாங்க எவ்வளவு சுத்தமான கன்னு வாங்கி வச்சாலும், அங்கேருந்து அசுவினி இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகும்? போன்ல அப்பா சொன்னாரு, "கன்னு நல்ல கன்னுதாம்ப்பா. பக்கத்துக் காடு நல்ல காடா இருக்கணும்ல?"

இந்த ஒரு வரிதான் என்னை இவ்வளவு எழுத வச்சது. பிரெஞ்சுக்காரங்க வைனைப் பத்திப் பேசும்போது தெர்வார்னு ஒரு வார்த்தை சொல்வாங்க. மண்ணு, மலை, காத்து, வெயில், எல்லாம் சேர்ந்த ஊர் ருசி. கேக்க கவிதை மாதிரி இருக்கும். ஆனா இங்க தோட்டங்களுக்குப் போய்ப் பார்த்தா கவிதைக்குப் பின்னாடி சட்டம் இருக்கு. ஒரு ஊர்ப்பேர் போடணும்னா எந்த வகை நடணும், ஏக்கருக்கு எவ்வளவுதான் எடுக்கலாம்னு எல்லாத்துக்கும் கணக்கு. 1935லேர்ந்து அப்படி. இப்ப திராட்சையில மஞ்சள் நோய் ஒண்ணு பரவுது. அது இருக்கிற பகுதியில கட்டாயம் மருந்து அடிக்கணும், நோய்க் கொடியைப் பிடுங்கணும், கவனிப்பில்லாம விட்ட தோட்டத்தை அகற்றணும். சொந்த நிலம்தானே, நான் சும்மா போட்டு வச்சிருக்கேன்னு சொல்ல முடியாது. உன் சோம்பேறித்தனம் பக்கத்துக்காரன் பாட்டில்ல வந்து நிக்கும்னு அவங்களுக்குத் தெரியும். ஒரு தடவை எல்லாத்தையும் இழந்து பார்த்தவங்க.

ஊர் ருசின்னு ஒண்ணு மண்ணுல மட்டும் இல்ல, பக்கத்துக் காட்டுக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் கட்டுப்படுறதுலதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. நம்மகிட்ட மண்ணு இருக்கு, மலை இருக்கு, ஆராய்ச்சி நிலையம் இருக்கு, சர்டிபிகேட்டும் இருக்கு. அந்தக் கட்டுப்பாடு மட்டும்தான் இல்ல. வேடிக்கை என்னன்னா, முன்னாடி நம்மகிட்டயும் இருந்தது. கண்மாய் மடை திறக்க, காட்டுப்பன்னி விரட்ட ஊரே முறை போட்டுச்சு.

விக்கிற இடத்துலயும் இதே கதைதான். இந்தத் தடவை வந்தப்ப மலையேறுற ரோட்டுல ஒரு கடையில "மலைப்பழம்"னு கட்டித் தொங்க விட்டிருந்தாங்க. பார்த்ததுமே தெரிஞ்சது, கீழ விளைஞ்சது. "எந்த மலைங்கண்ணே?"ன்னு கேட்டேன். "எல்லாம் ஒரே மலைதாம்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. பக்கத்துல கார்ல வந்தவங்க ரெண்டு சீப்பு வாங்கிட்டுப் போனாங்க. அவங்க வீட்டுக்குப் போய்த் தின்னுட்டு, "மலைப்பழம் மலைப்பழம்ங்கிறாங்க, ஒண்ணும் பெருசா இல்ல"ன்னுதான் சொல்வாங்க. அவங்க நாக்குல தப்பில்ல. ஆனா அடுத்த தடவை அந்த விலை கொடுக்க மாட்டாங்க. அந்த விலை வரலைன்னா எங்க சித்தப்பா கணக்குதான் ஜெயிக்கும்.

இப்போதைக்கு நிலவரம் இது: மேல்தோட்டத்துக்காரர் நம்பரைத் தேடிப் பிடிச்சு அப்பாவை விட்டுப் பேச வச்சேன். அவர் கெட்டவர் இல்ல. "அந்த மரத்துல நோய் இருக்குங்கிறதே எனக்குத் தெரியாதுங்க, எடுத்துக்கங்க"ன்னுட்டாரு. மழை விட்டதும் நாலு ஆள் வச்சு, கிழங்கோட தோண்டி எடுக்கப் போறோம். கூலி எங்களது. அப்புறம் அரை ஏக்கர் திசு வாழை, அரை ஏக்கர் சித்தப்பா விருப்பம். அவர் இன்னும் காட்டேஜ் பத்தி யோசிச்சிட்டுத்தான் இருக்காரு. மூணு வருஷம் பார்ப்போம்னு பேச்சு. மூணு வருஷத்துல கொத்து வரலைன்னா வாழை, வந்தா ரூம்.

அதனால "பிரெஞ்சு வைன் நல்லாயிருக்குமா?"ங்கிற கேள்விக்கு என் பதில்: நல்லாயிருக்கும். நாசிக்கும் நல்லாயிருக்கும். பெரியப்பா, நீங்க காசை வீணாக்க வேணாம்.

உங்களால பண்ண முடிஞ்ச ஒண்ணு சொல்றேன். அடுத்த தடவை கொடைக்கானல், தாண்டிக்குடி பக்கம் வந்தா பழம் வாங்குறதுக்கு முன்னாடி எந்த ஊர்த் தோட்டம்னு கேளுங்க. பண்ணைக்காடா, பாச்சலூரா, கே.சி.பட்டியா, பெரும்பாறையான்னு பேர் சொல்லத் தெரியணும். பழம் சின்னதா, தோல் தடிமனா இருக்கணும். ஒண்ணை உரிச்சுத் தின்னு பாருங்க. சதை ஈரமா வழுக்கக் கூடாது, கெட்டியா இருக்கணும், இனிப்போட லேசா ஒரு புளிப்பும் வாசனையும் வரணும். தோல் கறுத்துச் சுருங்கினா தூக்கிப் போட்டுடாதீங்க, அப்பதான் அது ருசியோட உச்சம். விலை கூடச் சொன்னா ரொம்ப பேரம் பேசாதீங்க.

கடைக்காரர் "எல்லாம் ஒரே மலைதான்"னு சொன்னா, சிரிச்சிட்டு அடுத்த கடைக்குப் போயிடுங்க.